எம்.எஸ். உள்ளவர்கள் 16:8 இருக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் தங்கைக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.), அதாவது உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைத் தாக்கும் நோய். போன வருடம் 16:8 முறையை, அதாவது 16 மணி நேரம் பட்டினி, 8 மணி நேரத்துக்குள் சாப்பாடு என்பதை, ஆரம்பித்தாள்: பகல் 12 மணிக்கு முதல் சாப்பாடு, இரவு 8-க்குள் கடைசி. மாத்திரை மட்டும் வழக்கம்போலக் காலை 8 மணிக்கு, வெறும் வயிற்றில். கொஞ்ச நேரத்தில் முகமும் கழுத்தும் செக்கச்செவேலென்று சிவந்து எரிந்தன. வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அலர்ஜி என்று பயந்துபோனோம்.

அலர்ஜி இல்லை. அவள் போடுவது டைமெத்தில் ஃபியூமரேட் என்ற எம்.எஸ். மாத்திரை. சாப்பாட்டோடு போட்டால்தான் அந்த எரிச்சலும் வயிற்று வலியும் அடங்கும்.

பட்டினி நேரத்தை மாற்றிவிட்டு மருந்து நேரத்தை யோசிக்காமல் விடுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. ஃபிங்கோலிமோடு என்ற இன்னொரு எம்.எஸ். மாத்திரைக்குச் சாப்பாட்டுக் கணக்கு கிடையாது. ஸ்டீராய்டு மாத்திரையைச் சாப்பிட்ட பிறகுதான் போட வேண்டும். வைட்டமின் டி, கொழுப்புள்ள உணவோடு நன்றாகச் சேரும். மருந்துச் சீட்டை எடுத்துப்போய், ஒவ்வொன்றையும் எப்போது போடுவது என்று நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள்.

அதைவிட ஆபத்து, பட்டினியே மருந்து என்று நம்பி ஊசியையும் மாத்திரையையும் நிறுத்துவது. தயவுசெய்து செய்யாதீர்கள். 2016-இல் அமெரிக்காவில் வால்டர் லாங்கோ என்ற ஆராய்ச்சியாளரின் குழு, எலிகளுக்குப் பட்டினி போன்ற உணவுமுறையைக் கொடுத்து நடத்திய ஆய்வில், ஐந்தில் ஒரு பங்கு எலிகளுக்கு அறிகுறிகள் முழுதாக மறைந்தன. ஆனால் அது எலிகளுக்கு வரவழைத்த, எம்.எஸ். போன்ற நோய். 2018-இல் வெளியான ஆய்வில், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 36 எம்.எஸ். நோயாளிகளை 8 வாரம் பார்த்தார்கள். உணவைக் குறைத்தவர்களுக்கு எடை குறைந்தது, மனநிலை கொஞ்சம் மேம்பட்டது. நோய் திரும்பத் தாக்குவதைப் பட்டினி தடுக்கும் என்று இவை எதுவும் நிரூபிக்கவில்லை.

அடுத்தது தண்ணீர். அடிக்கடி சிறுநீர் முட்டுகிறதே என்று எம்.எஸ். உள்ளவர்கள் பலர் ஏற்கெனவே தண்ணீரைக் குறைத்திருப்பார்கள். பட்டினியிலும் குடிக்காமல் இருந்தால் சிறுநீர்த் தொற்று வரலாம். காய்ச்சல் ஏறினால் பழைய மரத்துப்போதல், பார்வை மங்கல் எல்லாம் திரும்பத் தலைகாட்டும், புதுத் தாக்குதல் போலவே. ரமலான், ஏகாதசி என்று தண்ணீரும் இல்லாமல் இருப்பவர்கள், அதுவும் வெயில் காலத்தில், மருத்துவரிடம் முன்பே பேசிவிடுங்கள்.

எடை குறைவாக இருப்பவர்கள், கர்ப்பிணிகள், இன்சுலின் போடுபவர்கள் தாங்களாக ஆரம்பிக்கவே வேண்டாம்.

மருத்துவரைக் கேட்ட பிறகு, தங்கை இப்போது இரவு 8 முதல் காலை 8 வரைதான் சாப்பிடாமல் இருக்கிறாள். காலை மாத்திரை, முட்டை தோசைக்கு அப்புறம்.