பம்பர், மிரர் கவர் அடிக்க முதல் ஸ்ப்ரே கன்: வாங்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

கார் மிரர் கவர் இரண்டு உள்ளங்கை அகலம்தான் இருக்கும். அதை அடிக்க நான் வாங்கிய முதல் கன், 600 மில்லி கப்பும் 1.4 மி.மீ. நாசிலும் (பெயிண்ட் வெளியே வரும் துளை) உள்ள பெரிய எச்.வி.எல்.பி. கன், அதாவது நிறையக் காற்றைக் குறைந்த அழுத்தத்தில் விடும் கன். வீட்டில் இருந்தது 1 எச்.பி. கம்ப்ரஸர், 24 லிட்டர் டாங்க். முதல் கவர் நன்றாக வந்தது. இரண்டாவதில் பாதி போவதற்குள் கன்னின் சீற்றம் தணிந்தது. புகை மாதிரி வந்துகொண்டிருந்த பெயிண்ட் பொட்டுப் பொட்டாக விழத் தொடங்கியது. சில்வர் கலர் வேறு. காய்ந்ததும் திட்டுத் திட்டாகத் தெரிந்தது. தேய்த்து எடுத்து மறுபடி அடிக்க ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

கன் நல்ல கன்தான். அது கேட்ட காற்றை என் கம்ப்ரஸரால் கொடுக்க முடியவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 24 லிட்டர் டாங்க்கின் அழுத்தம் 8 பாரிலிருந்து 3 பாருக்கு இறங்கும்போது நமக்குக் கிடைப்பது 120 லிட்டர் காற்று, சுமார் 4 கன அடி. பெரிய எச்.வி.எல்.பி. கன்கள் பலவும் நிமிடத்துக்கு 10 கன அடிக்கு மேல் கேட்கும். மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தாலும் அரை நிமிடத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். கம்ப்ரஸர் லேபிளில் போட்டிருக்கும் சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று) எண்ணையும் அப்படியே நம்ப முடியாது. பெரும்பாலும் அது பிஸ்டன் இழுக்கும் காற்றின் அளவு. குழாய் வழியாக வெளியே வருவது அதைவிடக் குறைவு.

அதனால் கன் பார்க்கப் போகும் முன் உங்கள் கம்ப்ரஸர் என்ன காற்று தரும் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சின்ன கம்ப்ரஸர்தான் இருக்கிறது என்றால் 3 முதல் 5 சி.எஃப்.எம்.மில் வேலை செய்யும் மினி கன் அல்லது குறைந்த காற்றிலேயே ஓடும் எல்.வி.எல்.பி. கன் போதும். மிரர் கவர், கைப்பிடி, கிரில், பம்பர் ஓரப் பட்டை போன்ற சின்ன பார்ட்டுகளுக்கு அதுதான் கைக்கு அடக்கம். முழு பம்பரை ஒரே மூச்சில் அடிக்க நினைப்பவருக்கு மட்டும் பெரிய கன்னும் அதற்கேற்ற கம்ப்ரஸரும் வேண்டும்.

அடுத்த தவறு நாசிலில். கடையில் "பம்பர் அடிக்க ஒரு கன் வேணும்ணே" என்று கேட்டால், "1.4 எடுத்துக்கங்க தம்பி, எல்லாத்துக்கும் ஆகும்" என்பார்கள். கதவு, பானெட் அடிப்பவருக்கு அது சரியான பதில். ஆனால் சக்கர வளைவில் இருக்கும் சொரசொரப்பான கறுப்பு பிளாஸ்டிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனியில் அச்சில் விட்ட அந்தத் தோல் போன்ற வரிதான் அதற்கு அழகு. பெரிய நாசிலில் பழகாத கை போகும்போது பெயிண்ட் அந்தப் பள்ளங்களில் தேங்கி, வரி மழுங்கி, வழவழவென்று ஆகிவிடும். அந்த வரியைத் திரும்பக் கொண்டுவருவது மிகக் கஷ்டம். தேய்த்தால் மேடுதான் போகும், பள்ளத்தில் தேங்கிய பெயிண்ட் அப்படியே நிற்கும். 1.0 அல்லது 1.2 நாசிலில் மெல்லிசாக இரண்டு மூன்று கோட் அடிப்பதுதான் இங்கே சரி. பிளாஸ்டிக் பிரைமரும் தண்ணீர் மாதிரி இருப்பதால் அதற்கும் இதே நாசில் பொருந்தும். கெட்டியான ஃபில்லர் பிரைமருக்கு 1.7, 1.8 வேண்டும், தொடக்கத்திலேயே அதை வாங்கத் தேவையில்லை.

சுவர் அடிக்கும் எலெக்ட்ரிக் ஸ்ப்ரேயரை விலை பார்த்து வாங்குகிறவர்களும் உண்டு. அதன் நாசில் 2 மி.மீ. பக்கம் இருக்கும், கெட்டியான சுவர் பெயிண்டுக்காகச் செய்தது. கார் பார்ட்டுக்கு வேண்டாம். கப் கீழே தொங்கும் பழைய சக்‌ஷன் கன்னும் சின்ன வேலைக்கு ஒத்து வராது. ஒரு மிரர் கவருக்கு 60, 70 மில்லி கலக்குவோம்; அந்தக் கொஞ்சம் பெயிண்ட் உறிஞ்சு குழாய்க்கு எட்டாது. கப் மேலே இருக்கும் கன்னில் கடைசிச் சொட்டு வரை இறங்கும்.

இருக்கிற பணத்தையெல்லாம் கன்னிலேயே போட்டுவிடுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. நடுத்தர விலையில் கன் எடுத்து, மிச்சத்தில் வாட்டர் ஃபில்டரும் ரெகுலேட்டரும் நல்ல ஹோஸும் வாங்குங்கள். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் காற்றே ஈரம். கம்ப்ரஸரிலிருந்து சூடாக வரும் காற்றில் அந்த ஈரம் ஆவியாகவே இருக்கும். ஹோஸில் ஆறியபிறகுதான் தண்ணீராக மாறும். ஃபில்டரைக் கம்ப்ரஸர் வாயிலேயே மாட்டினால் ஈரம் அதைத் தாண்டிப் போய்விடும். சில மீட்டர் தள்ளி மாட்ட வேண்டும். வேலை தொடங்கும் முன் டாங்க் அடியில் இருக்கும் வால்வைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். ரெகுலேட்டரில் பிரஷரையும் ட்ரிகரை இழுத்துப் பிடித்தபடிதான் வைக்க வேண்டும். சும்மா இருக்கும்போது 2 பார் காட்டும் மீட்டர், காற்று ஓடும்போது நன்றாகவே இறங்கும்.

வாங்கும்போது நாசில், அதைத் திறந்து மூடும் நீடில், முன்முனையில் காற்று வரும் மூடியான ஏர் கேப் மூன்றும் செட்டாகத் தனியே கிடைக்குமா என்று கேளுங்கள். ஸ்பேர் கிடைக்காத கன் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் அட்டையில் ஒரே இடத்தில் ஒரு நொடி அடித்துப் பாருங்கள். நீள்வட்டமாக, சமமாக விழ வேண்டும். பிறை மாதிரி வளைந்து விழுந்தால் ஏர் கேப்பை அரைச் சுற்றுத் திருப்பி மறுபடி அடியுங்கள். பிறையும் திரும்பினால் அடைப்பு கேப்பில், திரும்பாவிட்டால் நாசிலில். கம்பி விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதானால் அந்த கேப் போயிற்று. தின்னரும் மெல்லிய பிரஷும் போதும். கன்னை முழுசாகத் தின்னரில் ஊறப் போட்டால் வாஷர்கள் கெடும்.

பெயிண்ட் உரிந்து வந்தால் கன்னைக் குறை சொல்லும் முன் பார்ட்டின் பின்பக்கம் பாருங்கள். பி.பி. (பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்) என்று அச்சு இருந்தால் பிளாஸ்டிக் பிரைமர் கட்டாயம். அது இல்லாமல் எந்தக் கன்னில் அடித்தாலும் பிடிக்காது. டேஷ்போர்டு பாலிஷ் பட்ட பார்ட்டில் சிலிக்கோன் இருக்கும். நன்றாகத் துடைக்காவிட்டால் பெயிண்ட் விலகி, மீன் கண் மாதிரி குழி குழியாக நிற்கும்.

மாஸ்க் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கலருக்கு மேலே பளபளப்புக்காக அடிக்கும், ஹார்டனர் சேர்க்கும் கிளியரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. மூச்சோடு உள்ளே போனால் ஆஸ்துமா வரை கொண்டுபோகும். துணி மாஸ்கும் தூசி மாஸ்கும் ஆவியைத் தடுக்காது. அந்த கிளியரை வீட்டு போர்டிகோவில் அடிக்கவே வேண்டாம், பூத் உள்ள பட்டறையில் கொடுத்துவிடுங்கள். ஹார்டனர் இல்லாத பெயிண்டுக்கும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் போட்டு, திறந்த இடத்தில் அடியுங்கள்.

கைப்பழக்கத்துக்கு, டிங்கரிங் பட்டறை ஓரத்தில் கிடக்கும் உடைந்த பம்பர் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வளைவு, விளிம்பு, சொரசொரப்பு எல்லாம் அதிலேயே இருக்கும். பார்ட்டிலிருந்து கன் ஒரு சாண் தூரம், ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையில் பாதி மேலேற வேண்டும். பெயிண்ட் வழியாமல் வந்தபிறகு உங்கள் காரின் பார்ட்டைக் கழற்றுங்கள்.