செல் வாங்கிக் கட்டுப்படியாகவில்லையா? லெகோ ராட்டினத்தை அடாப்டரில் சுற்ற வைக்கும் முறை

கொலுவில் பூங்கா வைத்து அதன் நடுவே லெகோ ராட்டினத்தைச் சுற்ற விடுவதாக வைத்துக்கொள்வோம். 2015-இல் வந்த 10247 எண் ராட்டினம் நல்ல உதாரணம். அதில் மோட்டாரை நாமேதான் சேர்க்க வேண்டும்: 8883 எண் 'எம்' மோட்டார், அதற்கு 8881 எண் பேட்டரிப் பெட்டி. பெட்டிக்குள் 6 பென்சில் செல்.

நாளுக்கு 4 மணி நேரம், 9 நாள், மொத்தம் 36 மணி நேரம். சுமையோடு சுற்றும்போது மோட்டார் 200 மில்லி ஆம்பியர் இழுத்தால் 7.2 ஆம்பியர்-மணி ஆகிறது. நல்ல ஆல்கலைன் பென்சில் செல்லில் இருப்பது 2 முதல் 2.5 ஆம்பியர்-மணிதான். ஆக 3 அல்லது 4 செட், அதாவது 24 செல் வரை போய்விடும். அதோடு, செல் இறங்க இறங்க ராட்டினமும் மந்தமாகிக்கொண்டே வரும்.

இதற்காகப் பொம்மையைப் பிரிக்கவோ வயரை வெட்டவோ வேண்டாம். செல் இருந்த இடத்தில் இரண்டு டம்மி செல்லை வைத்து, அவற்றின் வழியே அடாப்டர் கரண்டைக் கொடுத்தால் போதும். செல் போனதே பொம்மைக்குத் தெரியக் கூடாது. நாளைக்கே டம்மியை எடுத்துவிட்டுப் பழையபடி செல் போட்டும் ஓட்டலாம்.

நின்ற இடத்தில் ஓடும் பொம்மைகளுக்குத்தான் இந்த முறை. ராட்டினம், குடை ராட்டினம், காற்றாலை, பந்து உருட்டும் இயந்திரம் எல்லாம் சரி. ரயிலுக்கும் காருக்கும் வயர் இழுக்க முடியாது. 3.7 வோல்ட் லித்தியம் செல் உள்ள பொம்மைகளை இந்த வழியில் தொடவே வேண்டாம்.

முதலில் 230 வோல்ட் பற்றி

வீட்டு கரண்ட் சுவரோடு நிற்க வேண்டும். பொம்மைப் பக்கம் வருவது அடாப்டரிலிருந்து வெளிவரும் 9 வோல்ட் மட்டுமே. அடாப்டரின் மூடியைத் திறக்காதீர்கள், அதன் உள்ளே எதையும் சேர்க்காதீர்கள். பிஐஎஸ் சின்னமும் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் அச்சிட்ட அடாப்டராகப் பார்த்து வாங்குங்கள்.

பழைய எல்இடி பல்பைப் பிரித்து அதிலிருக்கும் சின்ன சர்க்யூட்டை எடுத்துப் பயன்படுத்தலாம் என்று சிலர் சொல்வார்கள். கூடவே கூடாது. அவற்றில் பலவற்றில் மெயின் லைனுக்கும் வெளிவரும் வயருக்கும் நடுவே எந்தத் தடுப்பும் இருக்காது. மீட்டரில் வோல்ட் குறைவாகக் காட்டும், ஆனால் அந்த வயரைத் தொட்டால் 230 வோல்ட்டைத் தொட்டதாகத்தான் அர்த்தம். குழந்தை கை வைக்கும் பொருளில் இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது.

வாங்க வேண்டியவை

- 9 வோல்ட், 2 ஆம்பியர் டிசி அடாப்டர் (எடை குறைந்த எஸ்எம்பிஎஸ் வகை) – 1
- அதன் பின்னுக்குப் பொருந்தும், ஸ்க்ரூ வைத்து வயர் முடுக்கும் டிசி ஜாக் – 1
- 0.5 சதுர மி.மீ. சிவப்பு-கருப்பு இரட்டை வயர் – 2 மீட்டர்
- 12 மி.மீ. உருண்டை மரக் கம்பு – 15 செ.மீ.
- 3 மி.மீ. பித்தளை ஸ்க்ரூ 2, வாஷர் 2
- 0.75 ஆம்பியர் பாலிஃபியூஸ் – 1
- 1000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கெப்பாசிட்டர் – 1
- காகித டேப், சுருங்கும் ஸ்லீவ், மல்டிமீட்டர்

சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெருவில் ஒரே நடையில் ஏறக்குறைய எல்லாமே கிடைத்துவிடும். கம்புக்கு மட்டும் மரக்கடைக்குப் போக வேண்டியிருக்கும்.

டிசி பின்னில் ஒரு சிக்கல் உண்டு. வெளி விட்டம் 5.5 மி.மீ. என்பது பொதுவானது, ஆனால் நடுத்துளை 2.1 மி.மீ., 2.5 மி.மீ. என இரண்டு அளவில் வரும். 2.5 துளை உள்ள பின்னை 2.1 ஜாக்கில் செருகினால் உள்ளே போகும், ஆனால் ஆடும்; ராட்டினம் நின்று நின்று சுற்றும். இரண்டையும் கடையிலேயே செருகிப் பார்த்து வாங்குங்கள்.

படி 1: வோல்ட்டை உறுதி செய்தல்

6 செல்லும் வரிசையாகச் சேர்ந்திருந்தால் 6 × 1.5 = 9 வோல்ட். லெகோ பெட்டி அப்படித்தான். வேறு கம்பெனி பொம்மையென்றால் எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள். 4 செல் இருந்தும் 3 வோல்ட்டில் ஓடும் பொம்மைகள் உண்டு, இரண்டிரண்டாகப் பக்கவாட்டில் சேர்த்திருப்பார்கள்.

செல்லை எல்லாம் எடுத்துவிட்டு, மல்டிமீட்டரை 'பீப்' ஒலிக்கும் நிலையில் வைத்து, பெட்டிக்குள் இருக்கும் தகடுகளையும் ஸ்பிரிங்குகளையும் இரண்டிரண்டாகத் தொட்டுப் பாருங்கள். வரிசை இணைப்பில் ஒவ்வொரு தகடும் தன் ஜோடியோடு பீப் அடிக்கும். எதனோடும் சேராமல் இரண்டு மட்டும் தனியே நிற்கும்: ஒன்று பிளஸ் முனை, மற்றது மைனஸ் முனை. பொம்மைக்குக் கரண்ட் போவது இந்த இரண்டிலிருந்துதான். இரண்டையும் மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சோதனையால் வேலை பாதியாகக் குறைகிறது. டம்மி செல் வேண்டியது இந்த இரண்டு இடத்துக்கு மட்டும். நடுவில் உள்ள 4 இடமும் காலியாகவே இருக்கலாம். சில பொம்மைகளில் விளக்குக்காகவோ ஒலிக்காகவோ நடுத்தகட்டிலிருந்து தனி வயர் கிளம்பும். அப்படி ஒன்று கண்ணில் பட்டால் இந்த முறை அதற்கு ஒத்துவராது.

படி 2: எவ்வளவு ஆம்பியர் இழுக்கிறது?

தபால் அட்டை தடிமனில் ஒரு சின்னத் துண்டு வெட்டி, இரு பக்கமும் சமையலறை அலுமினியத் தாளை ஒட்டுங்கள். ஓரத்தில் இரண்டு தாளும் ஒன்றையொன்று தொடக் கூடாது. செல்களைப் போட்டு, ஒரு செல்லுக்கும் அதன் ஸ்பிரிங்குக்கும் நடுவே இந்த அட்டையைச் சொருகுங்கள். மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, ஒரு முனையை இந்தப் பக்கத் தாளிலும் மறுமுனையை அந்தப் பக்கத் தாளிலும் பிடித்துக்கொண்டு ராட்டினத்தை ஓட விடுங்கள். மீட்டர் காட்டுவதுதான் ஓட்டக் கரண்ட்.

அளந்து முடித்த கையோடு சிவப்பு வயரைப் பழைய துளைக்கு மாற்றிவிடுங்கள். மறந்துபோய் அப்படியே அடாப்டரின் வோல்ட்டை அளந்தால் அது நேர் ஷார்ட். மீட்டர் பழுதாவது பெரும்பாலும் இப்படித்தான்.

ராட்டினம் இறுகி நின்றுவிட்டால் கரண்ட் பல மடங்கு ஏறும். 9 வோல்ட்டில் லெகோ 'எம்' மோட்டார் ஏறக்குறைய 0.85 ஆம்பியர், 'எல்' மோட்டார் 1.3, 'எக்ஸ்எல்' 1.8 வரை இழுக்கும். ஒரு 'எம்' மோட்டாருக்கு 2 ஆம்பியர் அடாப்டர் தாராளம். பெரிய அடாப்டர் கூடுதல் கரண்டைத் திணித்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். மோட்டார் தனக்கு வேண்டியதை மட்டும்தான் எடுக்கும். திணிப்பது வோல்ட், அது மட்டும் கூடிவிடக் கூடாது.

படி 3: அடாப்டரைச் சோதித்தல்

எதையும் இணைக்காமல் பின்னில் மீட்டர் வைத்துப் பாருங்கள். 9 முதல் 9.3 வரை காட்டினால் சரி. கையில் கனக்கும் பழைய டிரான்ஸ்ஃபார்மர் வகை அடாப்டரில் '9 வோல்ட்' என்று எழுதியிருந்தாலும் சுமை இல்லாதபோது 12, 13 என்று காட்டும். அதை ஒதுக்கிவிடுங்கள்.

வீட்டில் பழைய மோடத்தின் 12 வோல்ட் அடாப்டர் சும்மா கிடந்தால் அதையும் பயன்படுத்தலாம், நடுவே ஒரு எல்.எம். 2596 பக் கன்வர்ட்டர் (வோல்ட்டைக் குறைத்துத் தரும் சின்ன சர்க்யூட்) சேர்க்க வேண்டும். அதிலுள்ள நீலப் பெட்டியின் பித்தளைத் திருகைத் திருப்பினால் வோல்ட் மாறும். முதல் பத்துச் சுற்றுக்கு ஒன்றுமே மாறாதது போல இருக்கும். கெட்டுப்போனது என்று நினைக்காமல் திருப்பிக்கொண்டே இருங்கள். 9.0-இல் நிறுத்தி, திருகின் மேல் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைத்துவிட்டால் பிறகு நகராது. பொம்மையை இணைப்பது இதற்குப் பிறகுதான்.

படி 4: டம்மி செல்

பென்சில் செல்லின் நீளம் 50.5 மி.மீ., விட்டம் 14.5 மி.மீ. கம்பில் 47 மி.மீ. நீளத்துக்கு இரண்டு துண்டு வெட்டுங்கள். ஸ்க்ரூ தலையும் வாஷரும் மீதி நீளத்தை ஈடுகட்டும். காகித டேப்பைச் சுற்றி 14 மி.மீ. தடிமனுக்குக் கொண்டுவாருங்கள். தீர்ந்துபோன செல்லைத் துளைத்து டம்மியாக்கும் யோசனை வேண்டாம், உள்ளிருக்கும் காரம் தோலையும் கண்ணையும் அரிக்கும்.

ஒவ்வொரு துண்டிலும் ஒரு முனையில் மட்டும் 2 மி.மீ. துளை போடுங்கள். துளையில்லாமல் ஸ்க்ரூவை முடுக்கினால் மரம் நெடுக்காகப் பிளக்கும். அந்த முனையிலிருந்து பக்கவாட்டில், வயர் படிந்து உட்காரும் அளவுக்கு அரத்தால் ஒரு பள்ளம் தேயுங்கள். வயரின் முனையை 15 மி.மீ. உரித்து, இழைகளை நன்றாக முறுக்கி, ஸ்க்ரூ முடுக்கும் திசையிலேயே, அதாவது வலப்புறமாக, கழுத்தில் ஒரு சுற்றுச் சுற்றி வாஷரோடு முடுக்குங்கள். இடப்புறமாகச் சுற்றினால் முடுக்க முடுக்க வயர் வெளியே பிதுங்கும். இந்த இடத்தில் ஈயம் வைக்கத் தேவையில்லை.

சிவப்பு வயர் உள்ளது பிளஸ் டம்மி. நீங்கள் குறித்து வைத்த பிளஸ் முனையை அதன் ஸ்க்ரூ தொட வேண்டும். கருப்பு, மைனஸ் முனை ஸ்பிரிங்கை. இரண்டிலும் மறுமுனை வெறும் மரம்தான்.

படி 5: இணைப்பு

ஜாக்கின் பிளஸ்ஸிலிருந்து சிவப்பு வயர், நடுவே பாலிஃபியூஸ், பிறகு பிளஸ் டம்மி. கருப்பு நேராக மைனஸ் டம்மிக்கு. பாலிஃபியூஸின் இரு கால்களிலும் ஈயம் வைத்து ஸ்லீவால் மூடுங்கள். 0.75 ஆம்பியர் வகை, 1.5 ஆம்பியர் அளவில் சூடாகி வழியை அடைக்கும், ஆறியதும் தானே திறக்கும். வயர் ஷார்ட் ஆனால் காப்பாற்றும். ஆனால் இறுகிய மோட்டார் இழுக்கும் 0.85 ஆம்பியரை இது உடனே நிறுத்தாது, ஆகவே ராட்டினம் சிக்கினால் சுவிட்சை நீங்கள்தான் அணைக்க வேண்டும்.

கெப்பாசிட்டரைப் பொம்மைக்குப் பக்கத்தில், சிவப்புக்கும் கருப்புக்கும் குறுக்கே வையுங்கள். கோடு போட்ட கால் கருப்பில். மாறினால் வெடிக்கும். மோட்டார் கிளம்பும் நொடியில் வோல்ட் சட்டென்று சரிவதை இது தாங்கும்.

வயர் விஷயத்தில் கஞ்சத்தனம் பலிக்காது. 0.5 சதுர மி.மீ. செம்பு வயர் 2 மீட்டர் ஓடினால், போக வர 4 மீட்டருக்கு 0.14 ஓம்தான். 0.1 சதுர மி.மீ. மெல்லிய வயரில் அதுவே 0.7 ஓம், 0.85 ஆம்பியர் ஓடும்போது 0.6 வோல்ட் வழியிலேயே காணாமல் போகும்.

படி 6: ஓட்டிப் பார்த்தல்

கெப்பாசிட்டரைச் சேர்ப்பதற்கும் டம்மியைப் பெட்டியில் வைப்பதற்கும் முன், மீட்டரின் சிவப்பு முனையைச் சிவப்பு டம்மியிலும் கருப்பைக் கருப்பிலும் வைத்துப் பாருங்கள். மைனஸ் குறி வந்தால் ஜாக்கில் வயரை மாற்றுங்கள். முனை மாறினால் வெறும் மோட்டார் தலைகீழாகச் சுற்றும், அவ்வளவுதான். ஆனால் 88009, 88012 போன்ற ப்ளூடூத் ஹப்புக்கு (போனிலிருந்து இயக்கும் லெகோ பேட்டரிப் பெட்டி) முனை மாறிய கரண்ட் ஆபத்து.

பெட்டியில் ஒரு நிஜச் செல்கூட இருக்கக் கூடாது. ஒன்றை மறந்து விட்டு இணைத்து, அதற்குள் கரண்ட் ஏறினால், ஆல்கலைன் செல் கசியும், வெடிக்கவும் கூடும்.

15 நிமிடம் ஓடட்டும். ஓடும்போது டம்மி முனைகளில் 8.5 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. அடாப்டர் வெதுவெதுப்பாக இருக்கலாம். கை வைக்க முடியாத சூடு என்றால் அதன் மேல் எழுதியிருக்கும் ஆம்பியர் பொய் என்று அர்த்தம், மாற்றிவிடுங்கள்.

ஓடவில்லையென்றால்

ஒன்றுமே அசையவில்லையா? பெரும்பாலும் டம்மி குட்டையாக இருக்கும், ஸ்க்ரூ தகட்டைத் தொடாது. இன்னொரு வாஷர் போடுங்கள்.

துடித்துத் துடித்து ஓடினால் அடாப்டர் சுமை தாங்காமல் தன்னைத் தானே அணைத்து அணைத்து எழுப்புகிறது. மோட்டாரைக் கழற்றிவிட்டு ராட்டினத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். எங்காவது பல்சக்கரம் இறுகியிருக்கும்.

ஹப் மட்டும் அடிக்கடி அணைந்தால் கெப்பாசிட்டர் பொம்மையை விட்டுத் தள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். 88009 ஹப்பில் போவது ரிமோட் செல் எனப்படும் மெல்லிய செல். டம்மியின் அளவு 44.5 மி.மீ. நீளம், 10.5 மி.மீ. விட்டம்.

8881-க்குப் பதில் 88000 எண் பெட்டி வைத்திருந்தால், சரியாக 2 மணி நேரத்தில் ராட்டினம் நிற்கும். அது பழுது அல்ல, செல்லை மிச்சப்படுத்த அந்தப் பெட்டியே அணைந்துகொள்கிறது. பச்சைப் பொத்தானை மறுபடி அழுத்துங்கள்.

டம்மி செல்லே வேண்டாம் என்று 8886 எண் நீட்டிப்பு வயரை வெட்டி மோட்டாருக்கு நேரே கரண்ட் கொடுப்பவர்களும் உண்டு. அந்த வயரில் 4 இழை. ஓரத்து இரண்டும் நிலையான 9 வோல்ட்டும் 0 வோல்ட்டும். மோட்டாரைச் சுற்றுவது நடுவில் உள்ள இரண்டு. ஓரத்தில் கொடுத்துவிட்டு மோட்டார் செத்துவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கடைசியாக, டிசி வயரைக் கொலுப்படியின் துணிக்கு அடியில் கொண்டுபோய், குழந்தை கால் தடுக்காதபடி இரண்டு இடத்தில் டேப் ஒட்டுங்கள். அடாப்டர் துணிக்கு வெளியே, காற்றோட்டத்தில் இருக்கட்டும். அதன் மேல் '9 வோல்ட், நடு பிளஸ், ராட்டினம்' என்று ஒரு சீட்டு ஒட்டி வையுங்கள். அடுத்த வருடம் பெட்டியைத் திறக்கும்போது எந்த அடாப்டர் எதற்கு என்று தேட வேண்டியிருக்காது.