கிக்கரை எத்தனை முறை உதைத்தும் பழைய பைக் ஸ்டார்ட் ஆகவில்லையா? உப்புக்காற்று ஊர்க்காரர்களுக்கு ஒரு செய்முறை

ராத்திரி வரை நன்றாக ஓடிய வண்டி, விடிகாலையில் மீன் ஏலத்துக்குக் கிளம்பும்போது அசையாது. மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் பழைய பைக் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய காட்சி. உடனே இஞ்சின் போச்சு என்று பயப்படாதீர்கள். பல நேரம் இஞ்சின் நன்றாகத்தான் இருக்கும், கரண்ட் போகிற வழியைத்தான் உப்பு அடைத்திருக்கும். 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வைத்ததே இந்த அரிப்புதான். டேங்குக்கு அடியில் கிடக்கும் மெல்லிய ஒயர் எம்மாத்திரம்?

நான் சொல்வது கிக்கர் வைத்த, கார்புரேட்டர் உள்ள பழைய 100 சிசி வண்டிகளுக்கு.

முதலில் பெட்ரோல். ரிசர்வில் வைத்து, கார்புரேட்டரின் அடியில் பெட்ரோலை வடிக்கும் ட்ரெயின் ஸ்க்ரூவை லேசாகத் தளர்த்துங்கள். பெட்ரோல் ஒழுகினால் சரி, இறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போகலாம்.

அடுத்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் வந்தும் தீப்பொறி வரவில்லை என்று அர்த்தம். எத்தனை உதைத்தும் காய்ந்தே இருந்தால் பெட்ரோல் உள்ளே போகவில்லை. கரி பிடித்திருந்தால் உப்புத்தாளால் தேய்த்து, துடைத்துக் காய வையுங்கள். பிளக் முனையின் இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அளக்கக் கருவி இல்லாவிட்டால் ஆக்சா பிளேடை நுழைத்துப் பாருங்கள். அதன் கனம் ஏறக்குறைய அவ்வளவுதான்.

இப்போது கரண்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வண்டியை நிழலுக்குத் தள்ளி, சாவியைப் போட்டு நியூட்ரலில் வையுங்கள். சிந்திய பெட்ரோலைத் துடைத்து, பிளக் கழற்றிய ஓட்டையைத் துணியால் மூடுங்கள். அதற்குள்ளிருந்து வரும் பெட்ரோல் ஆவி தீப்பற்றும். பிளக்கைக் கேப்பில் மாட்டி, அதன் இரும்புப் பகுதி இஞ்சினை நன்றாகத் தொடும்படி ஓட்டையிலிருந்து தள்ளி வைத்து உதையுங்கள். கையில் பிடிக்க வேண்டாம், ஷாக் அடிக்கும். நீலமாகப் பளிச்சென்று அடித்தால் நல்லது. மங்கலாக ஆரஞ்சு நிறத்தில் வந்தால் பலவீனம்.

பொறியே இல்லையென்றாலும் காசை வெளியே எடுக்காதீர்கள். என் வண்டிக்கு ஒரு கடையில் சி.டி.ஐ. (பொறியை நேரம் பார்த்து அடிக்க வைக்கும் சின்ன மின்னணுப் பெட்டி) மாற்றச் சொன்னார்கள், மாற்றியும் ஓடவில்லை. பிளக் கேப்பைத் திருகிக் கழற்றிப் பார்த்தால் ஒயரின் செம்பு நுனி முழுக்கப் பச்சைக் களிம்பு, விரலால் தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. அரை சென்டிமீட்டர் வெட்டிவிட்டு, புதுச் செம்பு தெரியக் கேப்பைத் திருகினேன். அடுத்த உதையில் வண்டி பேசியது.

அதிலும் சரியாகவில்லையா? டேங்கைத் தூக்கி, பிளக் ஒயருக்குக் கரண்ட் தரும் இக்னிஷன் காயில் வண்டியின் இரும்புச் சட்டத்தோடு சேரும் போல்ட்டைக் கழற்றித் துருவை உப்புத்தாளால் தேயுங்கள். அந்தச் சேர்க்கைதான் எர்த், அது இல்லாமல் பொறி வராது.

மிச்சமிருப்பது சாவி சுவிட்ச். இந்த மாதிரி பழைய மாடல்கள் பலவற்றில் பிளக்குக்கான கரண்ட் இஞ்சினோடு சுற்றும் மேக்னெட்டிலிருந்தே வரும், பேட்டரி செத்தாலும் ஸ்டார்ட் ஆகும். சாவியை அணைத்தால் ஒரு ஒயர் அந்தக் கரண்டை எர்த்துக்கு இழுத்துவிடும். சுவிட்சுக்குள் உப்புநீர் புகுந்தால் சாவி போட்டிருக்கும்போதும் அதே வேலையைச் செய்யும். ஹோண்டா வகை வண்டிகளில் கறுப்பில் வெள்ளைக் கோடு போட்ட ஒயர் அது. அதைக் கழற்றிவிட்டுப் பொறி வந்தால் சுவிட்ச்தான் குற்றவாளி. அப்படியே ஸ்டார்ட் செய்தால் சாவியால் நிறுத்த முடியாது என்பதை மறக்காதீர்கள். கியர் போட்டு, பிரேக்கை அழுத்திக் கிளட்ச்சை விட்டால் நின்றுவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் பொறி இல்லையென்றால்தான் சி.டி.ஐ., அதற்குப் பொறி அடிக்கும் நேரத்தைச் சொல்லும் பல்சர் காயில் பக்கம் சந்தேகம் போக வேண்டும். ஓடுகிற வண்டியின் சி.டி.ஐ.யை இரவல் வாங்கி மாட்டிப் பார்த்த பிறகே புதிது வாங்குங்கள். கழற்றிய ஒவ்வொரு இணைப்பையும் திரும்ப மாட்டும்போது துளி வாசலின் தடவிவிடுங்கள்.