யானைக்கும் மீன்கொத்திக்கும் ஒரே லென்ஸ் போதுமா?

வனவிலங்குப் படம் எடுக்கப் புதிதாக வருபவர்கள் எடுத்த எடுப்பில் 600 மிமீ லென்ஸின் விலையைத்தான் விசாரிக்கிறார்கள். விலை இருக்கட்டும். எங்கே இருந்து எடுக்கப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். குமண தேசியப் பூங்காவில் ஜீப்பை விட்டு இறங்க முடியாது. வில்லு எனப்படும் ஆழமற்ற நீர்நிலை நடுவே நிற்கும் மஞ்சள் மூக்கு நாரை உங்களைத் தேடிக் கிட்டே வராது. இங்கினியாகலையில் படகேறி சேனாநாயக்க சமுத்திரம் என்னும் பெரிய குளத்துக்குள் போனால் கதை வேறு. அங்கே யானை கரையோரம் நிற்கும், சிலவேளை தீவுக்குத் தீவு நீந்தியே போகும்.

அடுத்தது ஒரு சின்னக் கணக்கு. விலங்கின் உயரத்தை அது நிற்கும் தூரத்தால் வகுத்து, லென்ஸின் மிமீயால் பெருக்குங்கள். சென்சாரில் உருவம் எத்தனை மிமீ உயரத்துக்கு விழும் என்பது வரும். இரண்டரை மீற்றர் யானை 50 மீற்றரில் நின்றால் 600 மிமீ லென்ஸில் 30 மிமீ. ஃபுல் பிரேம் சென்சாரின் உயரமே 24 மிமீதான், ஆகவே காலோ முதுகோ வெட்டுப்படும். 200 மிமீயில் 10 மிமீ, சுற்றிவர நீரும் புல்லும் சேர்ந்து வரும். 16 சென்ரிமீற்றர் மீன்கொத்தி 15 மீற்றரில் இருந்தால் 600 மிமீயிலும் 6.4 மிமீதான்! அதனால்தான் முதல் லென்ஸ் மிமீயைக் கூட்டிக் குறைக்கக்கூடிய சூமாக இருக்கட்டும் என்கிறேன். ஏபிஎஸ்-சி கமரா என்றால் சென்சார் சிறியது, அதே 6.4 மிமீ படத்தில் கூடுதல் இடத்தைப் பிடிக்கும். பறவைக்கு அது லாபம், யானைக்கு நட்டம்.

மூன்றாவது, வெளிச்சமும் பாரமும். எஃப் எண் சிறிதானால் லென்ஸ் கூடுதல் வெளிச்சத்தை உள்ளே விடும். எஃப் 4 உள்ள 600 மிமீ லென்ஸ் மூன்று கிலோ அளவில் வரும், விலையும் எட்டாது, தொடங்குபவருக்கு வேண்டாம். சிக்மா, டம்ரோன் 150-600, சோனி 200-600 எல்லாம் ஏறத்தாழ இரண்டு கிலோ. நிக்கோன் 200-500 இன்னும் கொஞ்சம் பாரம், ஆனால் 500 மிமீ வரை எஃப் 5.6 மாறாது. ஜீப்பில் அரிசி நிரப்பிய பையைக் கதவில் வைத்து லென்ஸைச் சாய்த்துக்கொள்ளலாம். ஆடுகிற படகில் முக்காலி உதவாது, கையில்தான் பிடிக்கவேண்டும். படகுதான் உங்கள் வழி என்றால் கெனன் ஆர்எஃப் 100-400ஐ எடுப்பேன்: 635 கிராம். 400 மிமீயில் எஃப் 8 ஆகிவிடுவதால் விடியற்காலையில் ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்திறனை) ஏற்றவேண்டி வரும், பரவாயில்லை. கைநடுக்கத்தை லென்ஸில் உள்ள நடுக்கத்தடுப்பு தாங்கும், பறவையின் சிறகடிப்பைத் தாங்காது. பறப்பதற்கு ஷட்டர் 1/2000 செக்கன் வேண்டும்.

லென்ஸுக்கும் கமராவுக்கும் இடையில் மாட்டி உருவத்தைப் பெருப்பிக்கும் டெலிகன்வேர்ட்டர்? 1.4 மடங்கு போட்டால் எஃப் 6.3 எஃப் 9 ஆகும். இப்போதைக்கு விட்டுவிடுங்கள். வெயில் ஏறியபின் நீர்மேல் கானல் அலைந்தால் எந்த லென்ஸும் கூர்மை தராது. கிட்டே போகலாம், இல்லையேல் காலையில் வரலாம்.

பழைய லென்ஸ் வாங்குவதானால் கடைசி வேலை இது. இரண்டு மூடியையும் கழற்றி, பின்பக்கமாக டோர்ச் அடித்து முன்னால் பாருங்கள். வாவிக் காற்றுப் படும் ஊர்களில் கண்ணாடிக்குள் பங்கசு (பூஞ்சணம்) சீக்கிரம் பிடிக்கும். சிலந்தி நூல்போல் தெரிந்தால் வாங்கவேண்டாம். சூமை இரு முனைக்கும் திருப்புங்கள், எங்காவது இறுகுகிறதா? உங்கள் கமராவிலேயே மாட்டி, தூரத்துப் பெயர்ப்பலகை ஒன்றை முழு நீளத்தில் (கூடிய மிமீ), முழுத் திறப்பில் (குறைந்த எஃப் எண்) எடுத்து, எழுத்தைப் பெருப்பித்துப் பார்த்தபின் காசைக் கொடுங்கள்.