அமெரிக்கக் குற்றப் புள்ளிவிபரங்களும் இனமும்: விவாத மேடைக்கு ஆயத்தமாகும் முறை

ஹட்டனிலோ பதுளையிலோ உயர்தர மாணவர்களின் விவாத மேடையில், அமெரிக்கப் பொலிஸார் இனம் பார்த்துச் சோதனையிடுவது சரியா தவறா என்ற தலைப்பு கிடைத்தால், பேச்சை எழுத உட்காருவதற்கு முன் கையிலுள்ள ஒவ்வோர் எண்ணும் எதை எண்ணியது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுப் பணியகமான எஃப்.பி.ஐ. வெளியிடும் கைதுக் கணக்கு, பொலிஸார் யாரைப் பிடித்தார்கள் என்பதையே சொல்கிறது. குற்றத்துக்கு ஆளானோர் பற்றி 1973 முதல் நடத்தப்படும் தேசிய ஆய்வோ வீட்டாரிடமே நேரிலும் தொலைபேசியிலும் கேட்டு, பொலிஸில் முறையிடப்படாத குற்றங்களையும் பதிவு செய்கிறது. போதைப்பொருள் கைதுகள் பொலிஸார் எந்தத் தெருவில் தேடுகிறார்கள் என்பதைப் பொறுத்துக் கூடும், குறையும். கொலைக் கணக்கு அந்த அளவுக்கு வளைவதில்லை. ஆகவே இவ்விரண்டையும் ஒரே மூச்சில் பேசாதீர்கள்.

அடுத்து, இனம் பார்த்துச் சோதனையிடுவது தவறு என்று வாதிடும் தரப்பில் நீங்கள் இருந்தால், உங்களுக்கு மிகவும் சங்கடமான எண்ணை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். மக்கள்தொகையில் சுமார் 13 வீதமான கறுப்பினத்தவர், 2019 இல் கொலைக்காகக் கைதானவர்களில் பாதிக்குச் சற்று மேல் இருந்தார்கள். இதைப் பூசி மெழுகினால், எதிரணி அதை எடுத்து வீசும்போது நடுவர் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார். அதே ஆண்டில் கொல்லப்பட்டவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பினத்தவரே என்பதையும், பத்துக் கொலைகளில் ஏறக்குறைய நான்கு துலங்காமலே போயின என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பாதுகாப்பு மிகக் கூடுதலாகத் தேவைப்படுவோர் யார் என்ற கேள்வி அப்போது தானாகவே எழும்.

தலைப்பின் உயிர்நாடி இனிமேல்தான் இருக்கிறது. கொலையாளிகளில் கறுப்பினத்தவர் எத்தனை வீதம் என்பது ஒரு கேள்வி. கறுப்பினத்தவரில் கொலையாளிகள் எத்தனை வீதம் என்பது முற்றிலும் வேறொரு கேள்வி. வீதியில் ஒருவரை நிறுத்தும் பொலிஸ்காரருக்கு வேண்டியது இரண்டாவதன் விடை. 2019 இல் கொலைக்காகக் கைதானதாகப் பதிவான கறுப்பினத்தவர் சுமார் 4,000 பேர். அமெரிக்காவில் வாழ்ந்த கறுப்பினத்தவரோ 4 கோடிக்கும் மேல். அதாவது பத்தாயிரத்துக்கு ஒருவர் என்ற அளவுதான். முதல் எண்ணைக் காட்டி எல்லோரையும் சோதனையிடலாம் என்பது மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதாகும். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிப் பார்த்து, தாளைப் பார்க்காமல் சொல்லும்வரை பழகுங்கள்.

சான்றுக்கு நியூயோர்க் நகரம் போதும். அங்கே ஒருவரை நிறுத்திய பொலிஸ்காரர் ஒரு படிவத்தில் காரணத்துக்குரிய கட்டத்தில் அடையாளமிட வேண்டும். "சந்தேகத்துக்கிடமான அசைவு" என்ற கட்டமே அடிக்கடி அடையாளமிடப்பட்டது. 2011 இல் மட்டும் 6,85,000 க்கும் மேற்பட்ட தடவைகள் ஆட்கள் நிறுத்தப்பட்டார்கள். 2004 முதல் 2012 நடுப்பகுதிவரையான 44 இலட்சம் நிறுத்தங்களை ஆராய்ந்த நீதிபதி ஷிரா ஷீன்ட்லின், அந்த நடைமுறை அரசியலமைப்புக்கு முரணானது என்று 2013 இல் தீர்ப்பளித்தார். நிறுத்தப்பட்ட கறுப்பினத்தவரில் 1.0 வீதத்தினரிடமே ஆயுதம் கிடைத்தது. வெள்ளையரில் அது 1.4 வீதம். கறுப்பினத்தவரை இன்னும் பலவீனமான காரணத்துக்காக நிறுத்தினார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான தடயம் வேண்டியதில்லை.

நம்மவர் அனுபவத்தையும் சொல்லலாம், ஆனால் அளவோடு. 2007 ஜூனில் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்கள் தமிழர் என்ற காரணத்தாலேயே பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டதையும், உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்ததையும் ஓரிரு வாக்கியங்களில் குறிப்பிடுங்கள். வேலை தேடித் தலைநகருக்குப் போகும் தோட்டத்து இளைஞர்களின் குடும்பங்கள் அமர்ந்திருக்கும் சபைக்கு அதை விளக்க வேண்டியதில்லை. எனினும் அங்கே அடிமை முறையின் வரலாறு, இங்கே போர்ச்சூழல் என்ற வேறுபாட்டை மறைக்காதீர்கள். மறைத்தால் எதிரணி அதிலேயே பிடித்துக்கொள்ளும்.

சோதனையைக் குறைத்தால் குற்றம் பெருகாதா என்று அவர்கள் கட்டாயம் கேட்பார்கள். நியூயோர்க்கில் 2015 அளவில் பதிவான நிறுத்தங்கள் 25,000 க்கும் கீழே இறங்கின. 2011 இல் 515 ஆக இருந்த கொலைகள் 2017 இல் 292 ஆகின. நிறுத்தங்கள் குறைந்ததால்தான் கொலை குறைந்தது என்று மட்டும் வாய்தவறியும் சொல்லிவிடாதீர்கள். பெருகும் என்று எச்சரித்தது அந்த ஆண்டுகளில் நடக்கவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.