கெட்டிக்காரப் பெண்ணுக்கு ஏ.டி.ஹெச்.டி இருந்தால்: முதலில் ட்ராயிங் நோட்டைப் பிடுங்காதீர்கள்

ஏ.டி.ஹெச்.டி என்பது கவனத்தை ஓரிடத்தில் நிறுத்துவதிலோ துறுதுறுப்பை அடக்குவதிலோ சிரமம் தருகிற நிலை. அது இருந்து பெஞ்சு மேல் ஏறிக் குதிக்கிற பையனை டீச்சர் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் படம் போடுகிற பெண் யார் கண்ணிலும் பட மாட்டாள், அதுவும் மார்க் வாங்குகிறவள் என்றால் கேட்கவே வேண்டாம். பரீட்சைக்கு முந்தின ராத்திரி படித்தே எட்டாம் வகுப்பு வரை ஓட்டிவிடுவாள். ஒன்பதிலோ பதினொன்றிலோ பாடம் கனக்கும்போது சறுக்கும், வீட்டில் "திமிர்" என்று பேர் கிடைக்கும்.

"கோலம் மட்டும் மணிக்கணக்கா போடுறாளே?" என்று பாட்டி கேட்பார். நியாயமான கேள்விதான். இவர்களுக்குக் கவனம் இல்லாமல் இல்லை, வேண்டிய இடத்துக்கு அதைத் திருப்புவதுதான் கஷ்டம். பிடித்த வேலையில் இறங்கிவிட்டால் சாப்பிடக் கூப்பிட்டாலும் காதில் விழாது.

சரி, எங்கே காட்டுவது? குழந்தை மனநல மருத்துவரிடம். ரத்த டெஸ்ட், ஸ்கேன் எதிலும் ஏ.டி.ஹெச்.டி தெரியாது. 12 வயதுக்கு முன்பே அறிகுறி இருந்ததா, வீடு பள்ளி இரண்டிலும் இருக்கிறதா என்று விசாரித்துத்தான் சொல்வார்கள். அதனால் கையோடு நோட்டுகளைக் கொண்டுபோங்கள்: விடை சரியாக இருந்து நடுவில் ஸ்டெப்பே இல்லாத கணக்கு, பாதியில் நிற்கிற ரெக்கார்டு, பழைய ப்ராக்ரஸ் ரிப்போர்ட்டில் டீச்சர் எழுதிய "கவனம் தேவை". செலவுக்கு யோசிப்பவர்கள் அரசு மருத்துவமனையில் இருக்கிற மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் விசாரிக்கலாம், 18 வயது வரை பார்ப்பார்கள். மாத்திரை கொடுத்தால் கற்பனை செத்துவிடுமோ என்று பயந்து நீங்களே நிறுத்தாதீர்கள். பிள்ளை மந்தமாகத் தெரிந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், அளவை மாற்றிப் பார்ப்பார். பசி குறையலாம், காலை டிபனை முடித்த பிறகு கொடுக்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது ட்ராயிங் நோட்டு. ஹோம்வொர்க் முடிக்கவில்லை என்றால் நம் வீடுகளில் முதலில் பறிபோவது அதுதான். நாள் முழுக்கத் திட்டு வாங்கி வருகிற பிள்ளைக்கு "எனக்கும் ஏதோ வரும்" என்று தோன்றுகிற ஒரே இடம் அது. அதைத் தண்டனைக்கும் பரிசுக்கும் இழுக்காமல், படித்தாலும் படிக்காவிட்டாலும் சாயங்காலம் அரை மணி அவளுடையது என்று விட்டுவிடுங்கள். பாதியில் விட்ட படங்களை எண்ணிக் காட்ட வேண்டாம். மாதத்துக்கு ஒன்றை அவளே பொறுக்கி முடிக்கட்டும், மற்றதெல்லாம் ஒரு அட்டைப்பெட்டியில் கிடக்கட்டும். ராத்திரி பத்து மணிக்குக் கதை தோன்றினால் உங்கள் போனில் சொல்லிப் பதிந்துவிட்டுத் தூங்கட்டும், காலையில் மறந்திருக்கும் என்று அவளுக்கே தெரியும், அதனால்தான் தூங்க மாட்டேன் என்கிறாள்.

படிக்கும்போது "போய்ப் படி" என்று உள்ளே அனுப்பினால் நடக்காது. பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் வெங்காயம் உரியுங்கள், அவள் எழுதட்டும். பேச வேண்டாம், ஆள் இருந்தால் போதும். முள் சுற்றுகிற கடிகாரம் ஒன்று எதிரே இருக்கட்டும்.

பள்ளியில் மூன்று விஷயம் கேளுங்கள்: முன் பெஞ்சு, கேட்டுக்கொண்டே கிறுக்க அனுமதி, ஒரே மாதிரி இருபது கணக்குக்குப் பதில் கடினமான ஐந்து. மூன்றாவதற்குத்தான் முகம் சுளிப்பார்கள், ஆனால் இவளுக்கு அதுதான் முக்கியம், சுலபமானதைத் திரும்பத் திரும்பச் செய்வதில்தான் அதிகம் தப்பு விடுவாள். வாயால் கேட்காமல் டாக்டர் கடிதத்தோடு எழுதிக் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த ஜூனில் வகுப்பாசிரியர் மாறிவிடுவார்.