டியூப் போடும்போது காத்துல எவ்ளோ துகள் கலக்குது? அளக்குறது எப்படின்னு பாப்போம்

மயக்கம் குடுத்து பேஷண்ட் தொண்டைல டியூப் போடுறப்போ எவ்ளோ துகள் வெளிய வருதுன்னு அளக்க, முதல்ல தேவை மெஷின் இல்லீங்க, சுத்தமான காத்து. நான் முதல் தடவ அளந்தப்போ கிராஃப் சர்ருன்னு ஏறிச்சு, சிக்கிருச்சுடான்னு குதிச்சேன், அப்புறம் வீடியோவ ஓட்டிப் பாத்தா அந்த நொடில யாரோ பெட்ஷீட்ட உதறியிருக்காங்க.

அதனால முதல் வேலை இடம் பாக்குறது. சாதாரண ரூம்ல லிட்டருக்கு பல ஆயிரம் துகள் சும்மாவே மிதக்கும், அதுக்குள்ள பேஷண்ட் விட்ட நாலஞ்ச எங்க போய் தேடுவீங்க? மூட்டு ஆபரேஷன் பண்ற லாமினார் ஃப்ளோ தியேட்டர் (வடிகட்டின காத்து மேலேர்ந்து ஒரே சீரா இறங்கிட்டே இருக்குற ஆபரேஷன் ரூம்) கெடச்சா விடாதீங்க. 2020-ல, கொரோனா நேரத்துல, இங்கிலாந்து பிரிஸ்டல்ல அப்படி ஒரு தியேட்டர்லதான் அளந்தாங்க, அங்க பேக்ரவுண்டு லிட்டருக்கு வெறும் 0.4 துகள். எதிக்ஸ் கமிட்டி அனுமதி, பேஷண்ட் சம்மதம் ரெண்டும் முன்னாடியே கையில இருக்கணும்.

அடுத்தது மெஷின். ஆப்டிகல் பார்ட்டிகிள் கவுண்டர், அதாவது காத்த உள்ள இழுத்து வெளிச்சத்த வச்சு துகள எண்ணுற மெஷின். 0.3-லேர்ந்து 10 மைக்ரான் (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) வரைக்கும் அளவு வாரியா பிரிச்சு எண்ணுறதா இருக்கணும். மெஷின் காத்து இழுக்குற வாய்ல ஹெப்பா ஃபில்டர (நுண்ணிய துகளையும் பிடிச்சுடுற வடிகட்டி) மாட்டி 5 நிமிஷம் ஓட விடுங்க, ஒண்ணுக்கு மேல எண்ணுச்சுன்னா லீக் இருக்கு, இல்லன்னா உள்ள அழுக்கு. இத பண்ணாம ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீங்க.

ஃபில்டர எடுத்துட்டு மெஷினுக்கு காத்த இழுக்குற டியூப மாட்டுங்க. குட்டையா, மடங்காம, ஸ்டேட்டிக் பிடிக்காத டியூபா இருக்கட்டும், நீளமா போட்டா பெரிய துகள் எல்லாம் வழியிலயே ஒட்டிக்கும். முனைல ஒரு புனல் வச்சு பேஷண்ட் வாய்க்கு மேல அரை மீட்டர்ல நிறுத்துங்க, அதுக்கப்புறம் அசைக்கக்கூடாது.

செட்டிங்ல 1 நொடிக்கு ஒரு ரீடிங் வைங்க. 1 நிமிஷம்னு வச்சா ரெண்டு நொடி இருமல் அந்த சராசரில கரைஞ்சே போயிடும். கவுண்டர் கடிகாரத்தையும் வீடியோ கடிகாரத்தையும் ஒண்ணா செட் பண்ணிட்டு ஒரு ஆள் பக்கத்துல நின்னு மாஸ்க் வச்சாச்சு, டியூப் போட்டாச்சு, டியூப் எடுத்தாச்சுன்னு நேரத்தோட குறிச்சுட்டே வரணும். இதுக்கு முன்னாடி எல்லாரையும் அசையாம நிக்கச் சொல்லி கொஞ்ச நேரம் பேக்ரவுண்டு எடுத்து வச்சுக்கோங்க.

பலரும் விட்டுடுற விஷயம் ஒண்ணு இருக்கு. அதே புனல், அதே தூரம், அதே தியேட்டர்ல ஒரு ஆள வேணும்னே இருமச் சொல்லி அளக்கணும். மேலேர்ந்து இறங்குற காத்து துகள தள்ளிட்டுப் போயிடும், அதனால தனி எண்ணிக்கைய வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, இருமலோட ஒப்பிட்டாத்தான் அர்த்தம். பிரிஸ்டல்ல இருமலுக்கு சராசரியா லிட்டருக்கு 732, டியூப் போடுறப்போ 1.4, எடுக்குறப்போ 21 வந்துச்சு. தொற்று பரவ டியூப் போடுறதுதான் பெரிய ஆபத்துன்னு எல்லாரும் பயந்துட்டு இருந்த நேரத்துல வந்த நம்பர் இது, எனக்கு இப்பவும் ஆச்சரியம்தான்.

கணக்குக்கு: எண்ணிக்கைய இழுத்த லிட்டரால வகுத்து பேக்ரவுண்ட கழிங்க, அவ்ளோதான்.

டயதெர்மி (கரண்ட் சூட்டால சதைய வெட்டுற கருவி) ஆன் பண்றதுக்குள்ள முடிச்சுடுங்க, அந்தப் புகை கிராஃப்ப நாசம் பண்ணிடும். கவுண்டருக்கு புகை, துணி நூல், எச்சில் எல்லாமே வெறும் துகள்தான், உள்ள வைரஸ் இருக்கா இல்லையான்னும் தெரியாது. பல்லு டிரில்லுக்கு இதே முறைய அப்படியே தூக்கிட்டுப் போகாதீங்க, டிரில் அடிக்கிற தண்ணியும் சேந்து எண்ணப்படும், அங்க தண்ணிக்கு கலர் போட்டு எது எங்க விழுதுன்னு பாக்குறது வேற வேலை.